கூட ஆட ஆள் வேண்டும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்தில் 18 வயது தாண்டிய ஒரு மாற்றுத்திறன் இளைஞர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போவார் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. வாரநாளில் போக இடம் இருக்கலாம். கேரளத்தில் பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவி அமைப்பும் சேர்ந்து, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக நடத்தும் பட்ஸ் பள்ளிகள் இருக்கின்றன. 18 தாண்டியவர்களுக்குப் பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வட்டாரத்தில் பகல்நேர மையங்களும், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் அவர் பார்ப்பது ஆசிரியரையும் ஆயாவையும் தெரபிஸ்டையும், தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையையும்தான். அவர் வயதுத் தெருப் பையன்கள் எல்லாரும் அந்த நேரத்தில் கிளப்பில் கேரம் போர்டைச் சுற்றி நிற்கிறார்கள், அல்லது மைதானத்தில் செவன்ஸ் என்ற எழுவர் கால்பந்து ஆடுகிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் வாரம் ஒருமுறை ஒன்றாக ஆடவைப்பது எப்படி, எங்கெங்கே அது சறுக்கும் என்பதை எழுதி வைக்கிறோம். எல்லைப்புற ஊர்களில் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டிசம்பர் 3 அன்று மாற்றுத்திறனாளிகள் நாள் விழா நடத்தி, மேடையில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்து, மற்ற பிள்ளைகளைக் கைதட்டவைப்பது வேறு வேலை. அதில் ஒருவர் மேடையில் இருக்கிறார், இன்னொருவர் நாற்காலி தூக்குகிறார். அடுத்த நாள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்தால் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு கூட்டத்தார் சும்மா சந்தித்துக்கொண்டால் மட்டும் மனத்தடை போகாது. இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு ஒன்று வேண்டும், அதை அடைய ஒருவர் கை இன்னொருவருக்குத் தேவைப்பட வேண்டும், நடத்துகிற பெரியவர்களின் ஆதரவும் வெளிப்படையாக இருக்க வேண்டும். இந்த நான்கில் முதலாவதுதான் நம் ஊரில் எப்போதும் கைநழுவுகிறது. நம் பிள்ளைகள் இரக்கத்தோடு வருகிறார்கள். இரக்கத்தோடு வந்தவர் தோற்க மாட்டார், சண்டை போட மாட்டார், ‘நீ செய்தது தப்பாட்டம்’ என்று சொல்ல மாட்டார். அப்படியானால் அவர் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எத்தனை பேர், யார் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு நடத்தும், குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ் முறையில் இதற்குக் கச்சிதமான கணக்கு இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவரை அத்லெட் என்றும், குறைபாடு இல்லாதவரைப் பார்ட்னர் என்றும் சொல்வார்கள். ஐவர் கால்பந்தில் களத்தில் 3 அத்லெட், 2 பார்ட்னர். எழுவர் ஆட்டத்தில் 4க்கு 3. பதினொருவர் ஆட்டத்தில் 6க்கு 5. அத்லெட்தான் எப்போதும் ஒரு ஆள் கூடுதல். பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் செவன்ஸ் என்றால் விளக்கிச் சொல்லவே வேண்டாம் என்பதால் 4க்கு 3 என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அணிக்கு 8 அத்லெட், 6 பார்ட்னர், ஆக 14 பேர். மாற்று ஆளாக மேலும் 4 பேர். இதற்கு மேல் முதல் ஆண்டில் சேர்க்காதீர்கள். விகிதம் தலைகீழாகும் நாளில், அதாவது 3 மாற்றுத்திறன் இளைஞர்களைச் சுற்றி 12 கல்லூரி மாணவர்கள் நிற்கும் நாளில், அது ஆட்டமாக இருக்காது, பராமரிப்பாகிவிடும். பார்ட்னர்கள் அதிகம் வந்துவிட்டால் கூடுதல் ஆட்களைக் கோடு போடவும் ஸ்கோர் எழுதவும் அனுப்புங்கள், களத்துக்குள் விடாதீர்கள்.

வயது இடைவெளி மிக முக்கியம். 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 3 முதல் 5 வயது வித்தியாசத்துக்குள் ஜோடி இருக்க வேண்டும். 24 வயது இளைஞரோடு ஆட எட்டாம் வகுப்புப் பையன்களைக் கூட்டி வருவது நம்மிடம் சாதாரணமாக நடக்கிறது. அவருடைய மனவயது குறைவுதானே என்று காரணமும் சொல்வார்கள். அவருக்கு மீசை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, பிடித்த நடிகரும் கட்சிக் கொடியும் இருக்கின்றன. அவருக்கு வேண்டியது 22, 23 வயது ஆள். கூப்பிடும் முறையிலும் இதே கவனம் வேண்டும். 19 வயதுப் பையன் 23 வயது டவுன் சிண்ட்ரோம் இளைஞரைக் ‘குட்டி’ என்றோ ‘தங்கம்’ என்றோ அழைப்பதை முதல் நாளே நிறுத்த வேண்டும். வயதில் மூத்தவர் என்றால் அண்ணா, அக்கா. மலையாள வீட்டுப் பிள்ளையானால் சேட்டா, சேச்சி. ஒத்த வயதானால் பேர் சொல்லி, பழகிய பிறகு வாடா போடா. ஆட்கள் பெயரோடு வயதையும் எழுதி முதல் மாதம் சுவரில் ஒட்டிவையுங்கள். யார் யாருக்கு அண்ணா என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. பட்ஸ் பள்ளி, இரு மாநிலத்து வட்டார வள மையங்கள், ஆஷா பணியாளர், அங்கன்வாடி டீச்சர், தமிழ்நாட்டுப் பக்கம் கிராம சுகாதார செவிலியர் என்று கேட்டுக்கொண்டே போனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகள் தெரியவரும். பார்ட்னர்களைத் தேடுவதில்தான் நிறைய இடம் தவறுகிறது. எல்லாரும் முதலில் போவது கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ். யூனிட்டுக்கு. என்.எஸ்.எஸ். மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் ஒருவரை இங்கே அனுப்பினால் அவர் நோட்டில் கையெழுத்து வாங்குவார். எதிரில் இருப்பவர் அவருடைய சேவை மணி ஆகிவிடுகிறார். 240 முடிந்த வாரத்தோடு வரவும் நின்றுபோகும். மாணவர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. மணிக்கணக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் வருகிற நாலு பேர் போதும். அதைவிட நல்ல இடம் ஊர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் வாசகசாலையும். அங்கே இருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர்கள், தேங்காய் லோடு ஏற்றுபவர்கள், ஐ.டி.ஐ. படிப்பவர்கள். அவர்கள் அந்த ஊரிலேயே இருப்பார்கள், அடுத்த வருடமும் இருப்பார்கள்.

எல்லாருக்கும் ஒரே சந்தா. மாதம் 20 ரூபாய் என்றால் வீல்சேரில் வருபவருக்கும் 20 ரூபாய்தான். இலவசம் வேண்டாம். அதேபோல் எல்லாருக்கும் ஒரு வேலை. பந்து எடுத்து வருவது, வருகைப் பதிவு, தண்ணீர்க் கேன், விசில், ஸ்கோர் பலகை. பேச்சு வராத ஒருவர் விசில் பொறுப்பை ஏற்கலாம், எழுதத் தெரியாதவர் பெயர் அட்டையில் கிளிப் மாட்டி வருகையைப் பதிவு செய்யலாம். இந்த வேலைகளில் பாதிக்கு மேல் மாற்றுத்திறன் இளைஞர்கள் கையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

இடம் தேடும்போது மைதானத்தை முதலில் பார்க்காமல் கழிப்பறையைப் பாருங்கள். கிளப் மைதானங்களில் பெரும்பாலும் கழிப்பறையே இருக்காது. பெண் பிள்ளைகள் வராமல் போவதற்கும், வீல்சேரில் இருப்பவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவதற்கும் அதுதான் காரணம். பல அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான கழிப்பறை கட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதன் சாவி யாரிடம் இருக்கிறது, உள்ளே தண்ணீர் வருகிறதா, பழைய பெஞ்சுகளை அடுக்கி வைக்கும் இடமாகிவிட்டதா என்பதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வீல்சேர் உள்ளே திரும்ப 1.5 மீட்டர் இடம் வேண்டும், கதவு 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். வாசலில் படி இருந்தால் சாய்தளத்தின் கணக்கு 1க்கு 12. இரண்டு படி சேர்ந்து 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் பலகை 3.6 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாகப் பலகை போட்டால் ஆள் பின்னால் சாய்வார். வீல்சேரோடு நாலு பேர் தூக்கிவிடுகிறோம் என்பதை ஏற்பாடாக வைக்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் தூக்கப்பட்டு உள்ளே வருகிறவர் மற்றவர்களுக்குச் சமமாக உள்ளே வரவில்லை.

இனி ஆட்டம். கால்பந்தைத்தான் எல்லாரும் கேட்பார்கள். ஆனால் உடல் அசைவு மிகக் குறைந்த மூளை முடக்குவாதப் பிள்ளைகள் உள்ள குழுவுக்கு எங்கள் முதல் தேர்வு போச்சியாதான். 1984 முதல் பாராலிம்பிக்ஸில் இருக்கும் ஆட்டம் இது. வெள்ளைப் பந்து 1, அதற்கு ஜாக் என்று பெயர். சிவப்பு 6, நீலம் 6. ஜாக்கை முதலில் எறிந்துவிட்டு, இரு தரப்பும் தங்கள் பந்துகளை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். யாருடைய பந்து தூரத்தில் இருக்கிறதோ அவர்தான் அடுத்து எறிவார். எல்லாப் பந்தும் முடிந்ததும், எதிராளியின் மிக அருகான பந்தைவிட ஜாக்குக்குக் கிட்டே நம் பந்து எத்தனை இருக்கிறதோ அத்தனை புள்ளி. தனியாளுக்கும் ஜோடிக்கும் 4 சுற்று, அணிக்கு 6 சுற்று. எல்லாரும் உட்கார்ந்தபடி ஆடுவார்கள். பார்ட்னர்களையும் நாற்காலியில் உட்காரவையுங்கள்.

களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஷட்டில் கோர்ட் 13.4க்கு 6.1 மீட்டர் என்பதால், ஊரில் சிமெண்ட் போட்ட ஷட்டில் கோர்ட் இருந்தால் வலையைக் கழற்றிவிட்டு அதையே பயன்படுத்தலாம். ஒரு பக்கத்தில் 2.5 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அகலத்தில் 6 கட்டங்கள் சுண்ணாம்பால் போட்டால் எறியும் இடம் தயார். மண் தரையில் ஆட்டம் வராது. பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பந்து வாங்க வேண்டும் என்பதில்லை. முறையான பந்து 275 கிராம் எடை, 27 சென்டிமீட்டர் சுற்றளவு. பழைய காலுறையில் புழுங்கலரிசி நிரப்பி முடிச்சுப் போட்டு, முடிச்சு உள்ளே போகும்படி இன்னொரு காலுறையை மேலே திருப்பி மாட்டி, வாயைத் தைத்துவிட்டால் ஏறக்குறைய அதே அளவும் அதே எடையும் வந்துவிடுகிறது. மணல் நிரப்பினால் அதே அளவுப் பந்து அரைக் கிலோவுக்குப் போய்விடும். கையில் பலம் குறைந்தவரால் அதைத் தள்ள முடியாது. 13 பந்துக்கு மூன்றரை, நாலு கிலோ அரிசி போதும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி வண்டு வைக்கும். எனவே மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைத்து, அவ்வப்போது வெயில் காட்ட வேண்டும். ஓர் ஆண்டுக்கு ஒருமுறை அரிசியை மாற்றிவிடுங்கள். நன்றாகத் தைக்கும் டெய்லர் கிடைத்தால் ரெக்சின் துண்டில் தைப்பது இன்னும் நல்லது, உருளும்போது நேராக உருளும்.

எறியவே முடியாதவருக்குச் சரிவுக்குழாய். 110 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பை ஒன்றரை மீட்டர் நீளம் வெட்டி, அதை நெடுக்காக இரண்டாக அறுத்தால் ஒரே பைப்பில் இரண்டு கிடைக்கும். விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டால் கையைக் கீறும். ஒரு முனை தரையில், மறுமுனை வீல்சேரின் கைப்பிடி உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல். பந்தை மேலே வைத்து விரலால் விடலாம். விரலும் வராதவர் தலையில் மாட்டிய பட்டையில் ஒரு கோல் செருகி, அந்தக் கோலால் தட்டிவிடலாம். கடைசியாகப் பந்தைத் தொடுவது ஆட்டக்காரராக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. இந்த முழுக் கட்டுரையிலும் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவுக்குழாயைப் பிடிக்கும் உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. ஆட்டக்காரர் கண்ணாலோ, தலை அசைவாலோ, சத்தத்தாலோ இன்னும் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், உயர்த்து, போதும் என்று காட்டுவதை அப்படியே செய்வதுதான் அவர் வேலை. ஒரு பந்து போனதும் அடுத்த பந்துக்கு முன் குழாயை இடமும் வலமும் நன்றாக அசைத்துவிட்டு, ஆட்டக்காரர் புதிதாகக் குறி சொல்ல வேண்டும். போன பந்து சரியாகப் போயிற்று என்று அதே குறியில் வைத்திருக்க முடியாது. முதல் நாள் பார்ட்னர்களுக்கு இது தாங்க முடியாத கஷ்டமாக இருக்கும். திரும்பிப் பார்த்து, ‘இந்தப் பக்கம் வச்சா கரெக்டா போகும்’ என்று சொல்லத் துடிப்பார்கள். அம்மாக்களுக்கு அதைவிடக் கஷ்டம். ஆனால் முதுகைத் திருப்பிய பிறகுதான் எதிரில் இருப்பவரின் ‘ம்ம்’ என்ற சத்தத்துக்கும் ‘ம்’ என்ற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பையனுக்குக் கேட்க ஆரம்பிக்கும். அவர் சொன்னபடி வைத்ததால் தோற்றால், தோற்றதும் அவர் கணக்கில்தான் எழுதப்படும். பிறகு இடத்தை மாற்றுங்கள். பார்ட்னர் ஆட, மாற்றுத்திறன் இளைஞர் அவருக்குப் பந்து எடுத்துக் கொடுக்கட்டும்.

செவன்ஸில் சறுக்கும் இடம் வேறு. நன்றாக ஆடும் பார்ட்னர் ஒருவர் எல்லாப் பந்தையும் தானே எடுத்துக்கொண்டு போய் கோல் அடிப்பார். அல்லது கோல் வாசலில் வேண்டுமென்றே நின்று, ‘நீ அடி, நீ அடி’ என்று விட்டுக்கொடுப்பார். இரண்டும் ஒரே தவறு. பயிற்சி நாளில் இரண்டு விதி வையுங்கள்: பார்ட்னர் 3 தொடுகைக்குள் பந்தைப் பாஸ் செய்துவிட வேண்டும், அத்லெட் ஒருவர் கால் படாத பந்தைப் பார்ட்னர் கோலாக்கக் கூடாது. கோல்கீப்பர் வேண்டுமென்று விடுவது தெரிந்தால் அவர் அணிக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக். யூனிஃபைடு முறையிலேயே மூன்று வகை உண்டு. இரு தரப்பின் திறனும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் போட்டி முறை, திறன் கூடிய பார்ட்னர் அணிக்குள் இருந்து வளர்த்துவிடும் முறை, சும்மா ஆடிப் பழகும் பொழுதுபோக்கு முறை. முதல் ஆறு மாதம் மூன்றாவதில் இருந்துவிட்டு, பிறகு யார் எதற்குத் தயார் என்று பார்க்கலாம். கேரளத்தில் இப்போது இதற்கு ஒரு வாசலும் திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறன் மாணவர்களையும் மற்ற மாணவர்களையும் சேர்த்து ஆடவைக்கும் போட்டிகள் முதன்முறையாக இடம்பெற்றன. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் பள்ளியில் கேளுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கும். தலையால் பந்தை முட்டுவது, குட்டிக்கரணம், தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பது ஆகியவை, மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கூடாது. ஒருவருக்கு மட்டும் தடை என்று வைத்தால் அவர் ஒதுங்கிப்போவார். எனவே எங்கள் களத்தில் ஹெடரே கிடையாது என்று எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள். நடக்கையில் புதிதாகத் தடுமாற்றம், கழுத்து வலி, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது என்று ஏதாவது தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வலிப்பு வரக்கூடியவர்கள் கட்டாயம் இருப்பார்கள். எல்லாருக்கும், குறிப்பாகப் பார்ட்னர்களுக்கு, முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், கையைக் காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது. இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. தொடங்கிய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தால், 108. எழுந்த பிறகு அவர் முகம் கழுவி, கொஞ்சம் படுத்து, தெளிந்ததும், மறுபடி சேர்ந்துகொள்ள வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். அன்றைக்கு ஓட வேண்டாம், ஸ்கோர் பலகைக்குப் போகலாம்.

வெயிலை லேசாக எடுக்காதீர்கள். பாலக்காட்டு வெயில் மார்ச், ஏப்ரலில் சாயங்காலம் 4 மணிக்கும் தணிந்திருக்காது. தண்டுவடம் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே வியர்வை வராது. உடம்பு சூட்டைத் தள்ள முடியாது. வலிப்புக்குத் தரப்படும் டோபிராமேட் போன்ற மருந்துகளும் வியர்வையைக் குறைக்கும். எனவே வேனிற்காலத்தில் 5 மணிக்கு மேல்தான், அதுவும் நிழல் விழும் பக்கம். நனைத்த துண்டும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் கையோடு இருக்கட்டும். தின்பண்டத்திலும் கவனம் வேண்டும். இந்தப் பக்கம் கைக்குக் கிடைப்பது கடலை. ஆனால் மூளை முடக்குவாதத்தில் விழுங்கச் சிரமப்படுபவருக்கு வறுகடலையும் கடலை மிட்டாயும் தொண்டையில் அடைக்கும். பூவன் பழத்தை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

மொழி விஷயம் எல்லைப்புறத்துக்கே உரியது. தமிழ் வீட்டில் வளரும் பிள்ளை பட்ஸ் பள்ளியில் மலையாளம் கேட்கிறது. மைதானத்தில் பார்ட்னர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகக் கத்துகிறான். அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவருக்கு ஒரே கட்டளைக்கு இரண்டு சொல் வந்தால் குழப்பம். களத்தில் பத்துச் சொல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மொழியிலும் ஒத்துப்போகிற சொல்லாக: வா, போ, நில், எடு, பாஸ், கோல் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை சைகை. காது கேளாதவர்களுக்கு இன்னொரு சிக்கல். கேரளத்தில் படித்தவர் மலையாளம் எழுதுவார், தமிழ்நாட்டில் படித்தவர் தமிழோ ஆங்கிலமோ எழுதுவார். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது. சைகையில் எடுத்த வீடியோ இருவருக்கும் போய்ச் சேரும். பார்வையற்றவர் இருக்கும் குழுவில் வெறும் போஸ்டர் படம் அனுப்பாதீர்கள், அதிலுள்ளதைக் குரலில் பேசியும் அனுப்புங்கள். எழுதப் படிக்க வராதவருக்கும் அதே குரல் செய்தி உதவும். மைதானத்தில் பார்வையற்றவருக்குப் பந்து தெரிய, பந்தை ஒரு மொறுமொறுக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டால் சத்தம் கேட்டே ஓடுவார். இந்த வாட்ஸ்அப் குழு பெரியவர்கள் மட்டும் பேசும் குழுவாக இருக்கக் கூடாது. மாற்றுத்திறன் இளைஞரின் எண்ணே அதில் இருக்க வேண்டும். போன் இல்லாதவருக்கு மட்டும் வீட்டு எண்.

அம்மாக்களைப் பற்றி மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருடம் ஒரு பிள்ளையின் வாயாகவும் கையாகவும் இருந்தவர்கள் அவர்கள். கோட்டோரம் உட்கார்ந்தால் பிள்ளை சார்பில் பதில் சொல்லத்தான் செய்வார்கள், பிள்ளையும் பதிலுக்கு அம்மா முகத்தையே பார்க்கும். களம் கண்ணில் படாத ஒரு வகுப்பறையில் அவர்களுக்கு டீயும் நாற்காலியும் போட்டுக் கொடுங்கள். கூப்பிட்டால் வரும் தூரம் போதும். கழிப்பறை உதவி தேவைப்படுபவருக்கு மட்டும், வீட்டார் முன்பே பெயர் சொல்லி நியமித்த, அதே பாலைச் சேர்ந்த ஒருவர். பார்ட்னர்கள் அந்த வேலைக்குப் போகக் கூடாது. யாரும் யாரோடும் பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பதும் எழுதி ஒட்ட வேண்டிய விதி. போட்டோ எடுப்பதானால் சம்பந்தப்பட்டவரையும் கேளுங்கள், 18க்குக் கீழானால் வீட்டாரையும் சேர்த்துக் கேளுங்கள். கட்சிக்காரர்களும் ஸ்பான்சர்களும் பரிசு கொடுக்கும் படத்துக்குத்தான் வருவார்கள். படத்தில் இரு தரப்பும் ஒரே பனியன் போட்டு நிற்கட்டும், யார் எந்தத் தரப்பு என்று தலைப்பில் எழுதாதீர்கள்.

போக்குவரத்தைச் சரி செய்யாத குழு மூன்று மாதத்தில் கரையும். பெரும்பாலான ஆட்டோக்களின் பர்மிட் எல்லையோடு நின்றுவிடும். எல்லை ஊர்களான கோபாலபுரத்திலோ மீனாட்சிபுரத்திலோ இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனவே இரு மாநிலத்துப் பிள்ளைகளும் வரும் குழுவென்றால் எல்லைக்கு மிக அருகில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீல்சேரைத் தள்ளிப் போகும் தூரத்தில் இடம் பாருங்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. அது எல்லை தாண்டி ஓடும் கேரள பஸ்ஸில் செல்லாது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. நாடு முழுக்கச் செல்லும், ஆனால் பென்ஷனும் மாநிலச் சலுகைகளும் குடியிருக்கும் மாநிலத்தில்தான். பஞ்சாயத்தில் பணம் கேட்கப் போகும்போது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29, 30ஆம் பிரிவுகளைச் சொல்லுங்கள். கலையிலும் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் சமமாகப் பங்கெடுக்க ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்று அவை சொல்கின்றன. பணமாகக் கேட்பதைவிட, ஞாயிறு சாயங்காலம் ஒரு வண்டி, பள்ளிக் கழிப்பறைச் சாவி, ஷட்டில் கோர்ட்டுக்கு ஒரு விளக்கு என்று பொருளாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

ஆட்டம் நிலைத்த பிறகு களத்துக்கு வெளியே போங்கள். கால்பந்து முடிந்து டீக்கடைக்கு நாலு பேராகப் போவது, ஊர்த் தேர், சினிமா, கல்யாணம். இதை யாரும் ஏற்பாடு செய்யாமல் அவர்களே செய்துகொள்கிறார்களா என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். டீக்கடையில் யார் காசு கொடுப்பது என்பதை முறை வைத்துக்கொள்ளட்டும். மாற்றுத்திறன் இளைஞர் முறை வரும்போது பார்ட்னர் முந்திக்கொண்டு கொடுத்தால், அடுத்த ஞாயிறு அதைப் பற்றிப் பேசுங்கள். காசு எண்ண வராதவருக்கு வீட்டில் சரியான சில்லறையை ஒரு சின்னப் பர்ஸில் போட்டுக் கொடுத்தால் போதும்.

ஆண்டுக்கு இரண்டு முறை வருகை சரியும். பிளஸ் டூ, டிகிரி பரீட்சை நெருங்கும் மார்ச்சில் பார்ட்னர்கள் நின்றுவிடுவார்கள். ஓணத்துக்குக் கேரளப் பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும்போது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், காலாண்டுப் பரீட்சையும் நெருங்கும். இரண்டுக்கும் முன்பே நாள் குறித்து, யார் வர மாட்டார்கள், அவர் இடத்தில் யார், எந்தத் தேதியில் திரும்ப வருவார் என்பதைக் காலண்டரில் படத்தோடு ஒட்டி எல்லாருக்கும் காட்டுங்கள். சொல்லாமல் காணாமல் போன நண்பனுக்காக ஆட்டிசம் உள்ள ஒருவர் வாசலிலேயே நின்று மணிக்கணக்கில் காத்திருப்பார். பரீட்சைக்குப் போகும் பார்ட்னர் தானே நேரில் வந்து, காலண்டரில் அந்தத் தேதியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போக வேண்டும். நடுவில் வாரம் ஒரு குரல் செய்தி அனுப்பினால் போதும், அரை நிமிட வேலை.